வேலை முடியும் நேரம்: சிங்கப்பூர் வீடுகளுக்குள் வந்த அலுவலகம்

சிங்கப்பூரின் வேலைவாய்ப்புச் சட்டம் 1968-இல் வந்தது. வேலை நேரத்தைப் பற்றி அதன் நான்காம் பகுதி பேசுகிறது. வாரத்துக்கு 44 மணி நேரம் வேலை, அதற்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு ஊதியம், மாதத்துக்கு 72 மணிக்கு மிகாத மிகைநேரம், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. உடலுழைப்புத் தொழிலாளர்களில் அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளிக்கு மிகாதவர்களுக்கும், மற்ற ஊழியர்களில் 2,600 வெள்ளிக்கு மிகாதவர்களுக்கும் மட்டுமே இந்தப் பகுதி பொருந்தும். மேலாளர்களும் நிர்வாகிகளும் என்ன சம்பளம் வாங்கினாலும் இதற்குள் வருவதில்லை.

2024-இல் முழுநேர வேலையில் இருந்த சிங்கப்பூர்வாசிகளின் இடைநிலை மாத வருமானம், முதலாளி செலுத்தும் மத்திய சேமநிதியையும் சேர்த்து, 5,500 வெள்ளி. வெளிநாட்டிலிருந்து வரும் நிபுணர் எம்ப்ளாய்மென்ட் பாஸ் பெற வேண்டுமானால் 2025 தொடக்கத்திலிருந்து குறைந்தது 5,600 வெள்ளி சம்பளம் வேண்டும். 2,600 வெள்ளி என்ற வரம்பை இவற்றோடு ஒப்பிட்டாலே நிலைமை புரிந்துவிடும். மடிக்கணினியைத் திறந்து வைத்து எங்கிருந்தும் வேலை பார்க்கக்கூடிய கணக்காளர், மென்பொருள் வல்லுநர், வங்கி நிர்வாகி, மனிதவள அதிகாரி ஆகியோரில் பெரும்பாலோர் நான்காம் பகுதிக்கு வெளியே நிற்கிறார்கள். சாரத்தில் ஏறி நிற்கும் புதுக்கோட்டைத் தொழிலாளியின் மணிக்கணக்கைச் சட்டம் எண்ணச் சொல்கிறது. எல்லா இடத்திலும் ஒழுங்காக எண்ணுகிறார்களா என்பது வேறு கேள்வி. சாப்பாட்டு மேசையில் இரவு பத்து மணிக்கு அறிக்கை தயாரிக்கும் மேலாளரின் மணிக்கணக்கை யாரும் எண்ண வேண்டியதில்லை.

அலுவலகம் அலுவலகத்தில் இருந்தவரை இது பெரிய குறையாகத் தெரியவில்லை. கட்டடத்தில் விளக்கு அணையும், கடைசி எம்ஆர்டி ரயில் போய்விடும், காவலாளி வந்து எட்டிப் பார்ப்பார். சட்டம் போடாத எல்லையை ஊரின் ஏற்பாடுகள் ஓரளவு போட்டுவைத்திருந்தன. வேலை வீட்டுக்குள் வந்தபோது அந்த எல்லையும் போயிற்று. கலப்பு வேலைமுறையில் ஊழியர் நலனைப் பற்றிப் பேசுகிறவர்கள் மேசை, நாற்காலி, தியானச் செயலி, கலந்துரையாடல் வட்டம் என்று பல பேசுகிறார்கள். வேலை எப்போது முடிகிறது, அதை முடிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் மற்ற எதுவும் பெரிதாக உதவாது என்று நான் நினைக்கிறேன். இந்தக் கேள்விக்குச் சிங்கப்பூர் ஒருமுறை பதில் கண்டிருக்கிறது. ஆனால் அது வேறொருவருக்காகக் கண்ட பதில். அதைப் பிறகு சொல்கிறேன்.

2020 ஏப்ரல் 3-ஆம் தேதி அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் கொவிட்-19 நோய்ப்பரவல் முறியடிப்பு நடவடிக்கைகளை அறிவித்தார். ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை அத்தியாவசியம் அல்லாத வேலையிடங்கள் மூடப்பட்டன. அதற்குப் பின் இரண்டு ஆண்டுகள் கதவு திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. 2021 ஏப்ரலில் முக்கால்வாசிப் பேர் அலுவலகம் வரலாம் என்றார்கள். அடுத்த மாதமே வீட்டிலிருந்து வேலை செய்வது மீண்டும் பொதுவிதியானது. 2022 ஏப்ரல் 26-ஆம் தேதிதான் எல்லோரும் திரும்பலாம் என்ற நிலை வந்தது. அதற்குள் பழக்கம் மாறிவிட்டிருந்தது. டிபிஎஸ் வங்கி 2020 நவம்பரிலேயே ஊழியர்கள் தங்கள் வேலை நேரத்தில் 40 விழுக்காடு வரை தொலைவிலிருந்து பணியாற்றலாம் என்று அறிவித்திருந்தது. எதிர்த்திசையிலும் நகர்வு நடந்தது. 2024 டிசம்பர் முதல் வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகம் வர வேண்டும் என்று கிராப் நிறுவனம் சொன்னது. இரண்டுக்கும் நடுவில், வாரத்தில் இரண்டு மூன்று நாள் வீடு, மீதி அலுவலகம் என்று பல நிறுவனங்கள் நிலைகொண்டுவிட்டன.

அந்த வீடு எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். சிங்கப்பூர்வாசிகளில் ஐந்தில் நான்கு பேர் அளவுக்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடிகளில் வசிக்கிறார்கள். நாலறை வீடு என்றால் சுமார் 90 சதுர மீட்டர். அதில் தாத்தா பாட்டி, பள்ளிக்குப் போகும் இரு பிள்ளைகள், வேலைக்குப் போகும் இருவர், சில வீடுகளில் ஒரு பணிப்பெண். 2020-இல் பள்ளியும் இணையம் வழி வீட்டுக்கு வந்தபோது கூடம் வகுப்பறையானது, படுக்கையறை அலுவலகமானது. 1990-களின் பிற்பகுதிக்குப் பிறகு கட்டப்பட்ட வீடுகளில் வெடிகுண்டுத் தாக்குதலுக்கு ஒதுங்க ஒரு சிறு காப்பறை இருக்கும். தடித்த காங்கிரீட் சுவர், இரும்புக் கதவு. சாதாரண நாளில் அரிசி மூட்டையும் பழைய பெட்டிகளும் கிடக்கும் அந்த அறைக்குள் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவர்களும் உண்டு. இணையச் சமிக்ஞை மட்டும் சரியாகக் கிடைக்காது.

சொந்த வீட்டுக்காரர்களைவிடச் சங்கடமான நிலையில் இருந்தவர்கள் அறை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தவர்கள். தமிழ்நாட்டிலிருந்து தனியாக வந்து பொறியாளராக, மென்பொருள் வல்லுநராக வேலை பார்க்கும் இளையர்கள் பலர் இப்படித்தான் தங்குகிறார்கள். அறை வாடகை விளம்பரங்களில் வழக்கமாகக் காணும் நிபந்தனைகள் அவர்களுக்கு மனப்பாடம்: சமையல் கூடாது அல்லது லேசான சமையல் மட்டும், விருந்தாளி கூடாது, குளிர்சாதனம் இரவில் மட்டும். பகல் முழுக்க அறையில் ஆள் இருக்க மாட்டார் என்ற கணக்கில் போட்ட நிபந்தனைகள் இவை. அந்த ஆள் பகலிலும் அறையிலேயே இருந்து, கட்டிலில் சாய்ந்தபடி வேலை பார்க்க நேர்ந்தபோது வீட்டு உரிமையாளருக்கும் அவருக்கும் இடையே எழுந்த கசப்பு எந்த நிறுவனத்தின் நலக் கணக்கெடுப்பிலும் வந்திருக்காது. கலப்பு வேலைமுறையைப் பற்றிய பேச்சில், வீட்டில் இருக்க அனுமதிப்பதே சலுகை என்ற எண்ணம் ஊறிக்கிடக்கிறது. அறைவாசிக்கு அலுவலகமே சலுகை. அவருக்கு அங்கே குளிர்ச்சியும் நாற்காலியும் பேச்சுத்துணையும் கிடைக்கின்றன.

இதைப் பொருளியலாளர் நிக்கலஸ் புளூம் குழுவினரின் முதல் ஆய்வே காட்டியிருக்கிறது. 2010-இல் தொடங்கி ஷாங்காயில் உள்ள சீட்ரிப் என்னும் பயண நிறுவனத்தின் அழைப்பு மையத்தில் ஒன்பது மாதம் நடந்த சோதனை அது. வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் செயல்திறன் 13 விழுக்காடு கூடியது என்ற முடிவையே எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். சோதனையில் சேர வீட்டில் தனியறை ஒன்று இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சோதனை முடிந்து, விரும்பியதைத் தேர்ந்தெடுக்கலாம் என்றபோது வீட்டில் இருந்தவர்களில் பாதிப்பேர் அலுவலகத்துக்கே திரும்பினார்கள். தனிமை அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதே நிறுவனம் டிரிப்.காம் என்று பெயர் மாறிய பிறகு, 2021-22-இல், 1,612 பட்டதாரி ஊழியர்களைக் கொண்டு மறுபடி சோதித்தார்கள். இந்த முறை வாரத்தில் புதன், வெள்ளி என இரண்டு நாள் மட்டும் வீடு. வேலையை விட்டு விலகுவோர் விகிதம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இரண்டு ஆண்டு மதிப்பீடுகளில் செயல்திறனிலோ பதவி உயர்விலோ வேறுபாடு இல்லை. 2024-இல் நேச்சர் இதழில் வந்த இந்த ஆய்வு, அளவோடு செய்தால் கலப்பு முறை நல்லதே என்பதற்கு இன்றுவரை கிடைத்திருக்கும் வலுவான சான்று. எந்த நாள் என்பது முன்கூட்டியே எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்பதையும் நான் இதில் கவனிக்கிறேன். எல்லை தெளிவாக இருந்தது.

சிங்கப்பூரில் எல்லை தெளிவாக இருக்க விடாத காரணம் ஒன்று உண்டு. அது கடிகாரம். பன்னாட்டு நிறுவனங்கள் ஆசிய வட்டாரத் தலைமையகத்தை இங்கே வைத்துக்கொள்வதால், இங்கே இருப்பவர் ஒரே நாளில் மூன்று நான்கு ஊர்களின் நேரத்தில் வாழ்கிறார். சாங்கி வர்த்தகப் பூங்காவில் ஒரு வங்கியின் தொழில்நுட்பப் பிரிவில் வேலை பார்க்கும் தமிழரை எடுத்துக்கொள்வோம். சென்னையில் இருக்கும் அவருடைய குழு காலை பத்து மணிக்கு உட்காரும்போது இங்கே பன்னிரண்டரை. அவர் மதிய உணவைத் தள்ளிப்போடுகிறார். லண்டன் காலை ஒன்பது மணிக்கு எழுந்து உட்காரும்போது இங்கே கோடையில் மாலை நான்கு, குளிர்காலத்தில் ஐந்து. நியூயார்க்கில் காலை ஒன்பது என்றால் இங்கே இரவு ஒன்பது அல்லது பத்து. சென்னை ஆட்கள் அலுவலகத்திலிருந்து கிளம்பும்போதும் இங்கே இரவு ஒன்பதைத் தாண்டியிருக்கும். ஒவ்வொரு ஊரும் தன் பகல்நேரத்தில்தான் அவரை அழைக்கிறது. அதனால் எந்த ஊரும் தவறு செய்ததாக நினைப்பதில்லை.

இந்த ஊரின் கடிகாரமே வணிகத்துக்காகத் திருத்தப்பட்டதுதான். 1982 ஜனவரி முதல் தேதி, மலேசியா தன் நேரத்தை அரை மணி முன்னால் தள்ளியபோது, வணிகத்துக்கும் பயணத்துக்கும் இடைஞ்சல் வரக் கூடாது என்று சிங்கப்பூரும் தள்ளிக்கொண்டது. அதனால்தான் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருந்தும் இங்கே விடிய ஏழு மணி ஆகிறது. இருட்டிலேயே எழுந்து பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைகளின் பெற்றோர்தான் இரவு பத்து மணி அழைப்பிலும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதன் விலை என்ன? உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட கூட்டு ஆய்வு, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களைவிட, பக்கவாத அபாயம் 35 விழுக்காடும் இதயத் தமனி நோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடும் கூடுதல் என்று கணித்தது. 2016-இல் மட்டும் நீண்ட வேலை நேரத்தோடு தொடர்புடைய இறப்புகள் 7,45,000. மிக அதிகமாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் தென்கிழக்கு ஆசியாவும் மேற்குப் பசிபிக்கும் அடங்கும். மனநலத்தைப் பொறுத்தவரை, சிங்கப்பூரின் தேசிய மக்கள்நலக் கருத்தாய்வில் மோசமான மனநலம் கொண்டோர் விகிதம் 2020-இல் 13.4 விழுக்காடு, 2022-இல் 17 விழுக்காடு. 18 முதல் 29 வயதுக்குட்பட்டோரில் நால்வரில் ஒருவர். இவை முழுவதையும் வேலையின் மேல் ஏற்றிவிட முடியாது. ஆனால் வேலைக்குள் நுழையும் வயதினரிடம்தான் நிலைமை மோசமாக இருக்கிறது.

நிறுவனங்கள் கைகட்டிக்கொண்டு இருக்கவில்லை. இணையவழி யோகா, மீள்திறன் பயிற்சி, தூக்கச் செயலி, வெள்ளிக்கிழமை உரை என்று நிறையச் செய்கின்றன. நல்லெண்ணத்தோடுதான் செய்கின்றன. இருந்தும் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் வில்லியம் பிளெமிங் பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் தரவுகளை ஒப்பிட்டு 2024-இல் வெளியிட்ட முடிவு தயக்கமில்லாதது. இத்தகைய தனிநபர் திட்டங்களில் பங்கேற்றவர்கள், பங்கேற்காதவர்களைவிட எந்த வகையிலும் நலமாக இல்லை. தொண்டூழிய வாய்ப்பு மட்டும் சிறு விதிவிலக்கு. 1979-இலேயே ராபர்ட் கராசெக் இதற்கான விளக்கத்தைத் தந்துவிட்டார். வேலையின் கெடுபிடி மட்டுமே மனிதரை உடைப்பதில்லை. கெடுபிடி கூடுதலாகவும் தன் வேலையைத் தீர்மானிக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும்போதுதான் உடைகிறார். வீட்டிலிருந்து வேலை என்பது அந்த உரிமையைக் கூட்டவும் செய்யலாம், பறிக்கவும் செய்யலாம். மதியம் பிள்ளையை அழைத்துவரப் போய்விட்டு மாலையில் உட்காரலாம் என்றால் அது கூடுகிறது. திரையில் பச்சைப் புள்ளி அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால் பறிபோகிறது.

தமிழ்நாட்டில் ஊழியர் நலனுக்காக அண்மையில் நடந்த மிகச் சிறந்த காரியங்களுள் ஒன்று 2021-இல் வந்த இருக்கைச் சட்டம். கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இடம் தர வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். நாள் முழுக்கக் கால்கடுக்க நின்று துணி எடுத்துக் காட்டும் ஜவுளிக்கடைப் பெண்களுக்கு யாரும் மன உறுதிப் பயிற்சி தரவில்லை. ஒரு முக்காலியைச் சட்டமாக்கினார்கள். மடிக்கணினிக்காரருக்கு அதற்கு நிகரான முக்காலி எது என்றுதான் தேட வேண்டியிருக்கிறது.

சிங்கப்பூரின் முத்தரப்பு முறை, அதாவது மனிதவள அமைச்சு, தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ், தேசிய முதலாளிகள் சம்மேளனம் மூன்றும் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுக்கும் வழக்கம், இந்தத் தேடலில் பாதி தூரம் வந்திருக்கிறது. 2020 நவம்பரில் வேலையிட மனநலம் பற்றிய முத்தரப்பு ஆலோசனைக் குறிப்பு வந்தது. வேலை நேரத்துக்குப் பிந்திய தொடர்பு பற்றி நிறுவனங்கள் ஒரு கொள்கை வகுத்துக்கொள்ளலாம் என்று அது பரிந்துரைத்தது. ஐவொர்க்ஹெல்த் என்னும் இலவச மதிப்பீட்டுக் கருவியும் நிறுவனங்களுக்குக் கிடைக்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக, 2024 டிசம்பர் 1 முதல் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக் கோரிக்கைகள் பற்றிய முத்தரப்பு வழிகாட்டி நெறிகள் நடப்புக்கு வந்தன. தகுதிகாண் காலம் முடிந்த எந்த ஊழியரும் வேறு இடத்திலிருந்து, வேறு நேரத்தில், அல்லது குறைந்த அளவில் வேலை செய்ய முறையாகக் கேட்கலாம். முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் வணிக ரீதியான காரணம் சொல்ல வேண்டும்.

இந்த நெறிகளில் எனக்குப் பிடித்தது, எவை ஏற்கத்தக்க காரணம் அல்ல என்று அவை வெளிப்படையாகச் சொல்லியிருப்பது. நிர்வாகத்துக்கு இதில் நம்பிக்கை இல்லை என்பது காரணம் ஆகாது. ஊழியர் திருப்தியாக வேலை செய்துவந்தும், அவர் கண்ணெதிரில் இருந்தால்தான் மேற்பார்வையாளருக்குப் பிடிக்கும் என்பதும் ஆகாது. ஆசியப் பணியிடங்களில் வேரூன்றிய ஒரு மனப்பழக்கத்தை அரசு ஏட்டில் பெயர் சொல்லிக் கண்டித்தது சிறிய செய்தி அல்ல. ஆனாலும் இது கேட்கும் உரிமைதான். கேட்டதைப் பெறும் உரிமை இல்லை. வீட்டில் இருந்து வேலை செய்யத் தொடங்குவதைப் பற்றி நெறிகள் விரிவாகப் பேசுகின்றன. அந்த வேலை இரவு எத்தனை மணிக்கு முடிய வேண்டும் என்பதைப் பேசவில்லை.

அதைப் பேசியவர் தொழிற்சங்கத் தலைவரும் நாடாளுமன்ற உறுப்பினருமான மெல்வின் யோங். 2020-இலேயே அவர் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையை நாடாளுமன்றத்தில் எழுப்பினார், பின்னரும் வலியுறுத்தினார். பிரான்சில் அது 2017-இல் சட்டமாயிற்று. போர்ச்சுகல் 2021-இல் முதலாளிகள் வேலை நேரத்துக்கு வெளியே ஊழியரைத் தொடர்புகொள்வதைத் தடுத்தது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதல், வேலை நேரத்துக்கு வெளியே வரும் அழைப்புக்கு, மறுப்பு நியாயமற்றதாக இல்லாதவரை, பதில் சொல்லாமல் இருக்க ஊழியருக்கு உரிமை உண்டு. சிங்கப்பூர் இதைச் சட்டமாக்காமல், அந்தந்த நிறுவனமும் ஊழியர்களும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்ற வழியில் நிற்கிறது. உலகத்தின் எல்லா நேரங்களோடும் வணிகம் செய்யும் ஊருக்கு ஒரே விதி பொருந்தாது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பேசித் தீர்த்துக்கொள்ள இருவரும் ஓரளவாவது சம நிலையில் இருக்க வேண்டும். எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவருக்கு வேலை போனால் அவர் இங்கே இருக்கக் கிடைப்பது பொதுவாக முப்பது நாள். பிள்ளைகள் இங்கே பள்ளியில், வீட்டுக் கடன் சென்னையில். இரவு பத்து மணி அழைப்புக்கு அவர் சம்மதம் தெரிவிக்கிறார். அந்தச் சம்மதத்தின் எடை எவ்வளவு?

சிங்கப்பூர் முன்பே பதில் கண்டதாகச் சொன்னது இந்தக் கேள்விக்குத்தான். வேலையிடத்திலேயே வசிப்பவர்கள் இந்த ஊரில் 2020-இல் தோன்றியவர்கள் அல்லர். இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான இல்லப் பணிப்பெண்கள் இங்கே பல காலமாக அப்படித்தான் வாழ்கிறார்கள். இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ், மியன்மார் ஆகிய நாடுகளிலிருந்து பெரும்பாலோர். இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்து தமிழ்க் குடும்பங்களில் வேலை செய்பவர்களும் உண்டு. வேலைவாய்ப்புச் சட்டம் இவர்களுக்குப் பொருந்தாது. இவர்களுக்கு 44 மணி நேரம் என்ற வரம்பு எப்போதுமே இருந்ததில்லை. வாராந்திர ஓய்வு நாள்கூடச் சட்டத்தில் இல்லாமல் இருந்தது. 2008-இல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக இயங்கும் டிடபிள்யூசி2, ஹோம் ஆகிய அமைப்புகள் மற்றவர்களோடு சேர்ந்து ஓய்வு நாள் இயக்கம் நடத்தின. 2011-இல் அப்போது துணை அமைச்சராக இருந்த ஹலிமா யாக்கோப் வெளிப்படையாக ஆதரித்துப் பேசினார். 2012 மார்ச்சில் அன்றைய மனிதவளத் துணை அமைச்சர் டான் சுவான் ஜின் நாடாளுமன்றத்தில் அறிவிக்க, 2013 ஜனவரியிலிருந்து வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு விதியானது.

அந்த விதியில் ஒரு வாசல் திறந்திருந்தது. பணிப்பெண் சம்மதித்தால், ஓய்வு நாளுக்குப் பதிலாகக் கூடுதல் ஊதியம் கொடுத்துவிடலாம். கடனோடு வந்தவர், முதலாளி வீட்டிலேயே உண்டு உறங்குபவர், அனுமதிச் சீட்டே அந்த முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டிருப்பவர் எதற்குத்தான் சம்மதிக்க மாட்டார்? பத்தாண்டு அனுபவத்துக்குப் பின், 2023 ஜனவரி முதல், மாதத்தில் குறைந்தது ஒரு நாளையாவது பணத்தால் ஈடுகட்ட முடியாது என்று மனிதவள அமைச்சு கட்டாயமாக்கியது. அவரே விரும்பினாலும் விற்க முடியாத ஒரு நாள். ஓய்வெடுக்கவும், வீட்டுக்கு வெளியே நான்கு பேரைப் பழகிவைத்துக்கொள்ளவும் வேண்டும் என்பதே அமைச்சு சொன்ன காரணம். மாதம் ஒரு நாள் என்பது மிகவும் குறைவு. ஆனால் அந்த விதியின் அடியில் இருக்கும் புரிதல் பெரியது. சமமில்லாத இடத்தில் சம்மதத்தை நம்பி ஓய்வை விடக் கூடாது. கொஞ்சமாவது யாருடைய பேரத்துக்கும் எட்டாத இடத்தில் எடுத்து வைக்க வேண்டும்.

பணிப்பெண்ணின் நிலையையும் வங்கி மேலாளரின் நிலையையும் ஒன்றாக்குவது என் எண்ணமில்லை. சம்பளத்திலும் சுதந்திரத்திலும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. மேலாளருக்குக் கதவைத் திறந்து வெளியே போகும் உரிமை எப்போதும் உண்டு. ஆயினும் இன்று பல வீவக வீடுகளிலும் கொண்டோமினியங்களிலும் இவ்விருவரும் ஒரே கூரையின் கீழ் பகல் முழுக்க வேலை செய்கிறார்கள், இருவருக்கும் வேலை நேர வரம்பு சட்டத்தில் இல்லை. மேலாளர் வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கியதில் பணிப்பெண் இழந்தது என்ன என்று எத்தனை பேர் யோசித்தோம்? முன்பு எட்டரை மணிக்கு வீடு காலியாகும். பிறகு மாலைவரை வேலை இருந்தாலும் அது அவருடைய வேகத்தில் நடக்கும். பத்து நிமிடம் உட்காரலாம், ஊருக்குப் பேசலாம். இப்போது மதியச் சாப்பாடு கூடுதலாகச் சமைக்க வேண்டும், கூட்டம் நடக்கும்போது குழந்தை அழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நாள் முழுக்க ஒருவர் பார்வையில் இருக்க வேண்டும். மேற்பார்வையாளர் கண்ணெதிரில் வைத்துப் பார்க்க விரும்புவது நியாயமான காரணமில்லை என்று அலுவலக ஊழியருக்குச் சொன்ன அதே வாதம் சமையலறைக்குள் வரவில்லை. கலப்பு வேலைமுறை அளிக்கும் நன்மையைக் கணக்கிடும்போது, அந்த நன்மையைத் தாங்கிப்பிடிக்கும் இவருடைய உழைப்பையும் சேர்த்தால்தான் கணக்கு நேர்மையாகும்.

வீட்டுக்கு வெளியே ஓர் இடம் வேண்டும் என்பதை லிட்டில் இந்தியா காட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலையில் நடப்பவர் யாரும் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. தேக்கா நிலையத்துக்குப் பின்புறப் புல்தரையிலும், லெம்பு சாலைத் திடலிலும், வீரமாகாளியம்மன் கோயில் வாசலிலும் கூடும் தொழிலாளர்கள் பணம் அனுப்புகிறார்கள், காய்கறி வாங்குகிறார்கள், ஊர்க்காரரைத் தேடிப் பிடிக்கிறார்கள், ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். வேலையிலிருந்து மனம் விலகினால்தான் உடல் தேறும் என்பதை உளவியலாளர் சபீனா சொனன்டாக் போன்றோர் பல ஆண்டுகளாக ஆய்ந்து சொல்லியிருக்கிறார்கள். 2020-இல் இந்த ஞாயிறு மாலைகள் அறுபட்டன. ஏப்ரல் 5-ஆம் தேதி பொங்கோலில் எஸ்11, தோ குவானில் வெஸ்ட்லைட் ஆகிய தொழிலாளர் விடுதிகள் தனிமைப்படுத்தப்பட்டன. பிறகு எல்லா விடுதிகளும். அந்த ஆண்டு முடிவதற்குள் விடுதிகளில் இருந்த சுமார் 3,23,000 பேரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. மற்றவர்கள் உணவகங்களுக்குத் திரும்பிய பின்னும் இவர்கள் விடுதியிலிருந்து வேலையிடம், வேலையிடத்திலிருந்து விடுதி என்றே இருந்தார்கள். 2021 செப்டம்பரில்தான் வாரத்துக்கு 500 பேர் என்ற அளவில் லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங் சிராய்க்கும் முன்னோட்டமாக அனுமதித்தார்கள். விடுதிவாசிகளின் மனநலத்துக்காகச் சிறப்புப் பணிக்குழு ஒன்றே அமைக்க வேண்டி வந்தது. வேலையும் உறக்கமும் ஒரே வளாகத்துக்குள் முடங்கினால் மனிதருக்கு என்ன ஆகும் என்பதை இந்த ஊர் மிகக் கடுமையான வடிவில் பார்த்துவிட்டது.

உதவி கேட்கும் வழிகள் இப்போது கூடியிருக்கின்றன. 2025 ஜூனில் தொடங்கிய 1771 என்ற தேசிய மனநல உதவி எண் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம், நடப்புக்கு வரும்போது, மனநலப் பாதிப்பைக் காரணம் காட்டி வேலையில் பாகுபாடு செய்வதைத் தடை செய்யும். மனநலக் கழகத்தை இன்னும் உட்பிரிட்ஜ் என்ற பழைய பெயரால் தாழ்ந்த குரலில் குறிப்பிடும் நம் குடும்பங்களுக்கு இந்தச் சட்டப் பாதுகாப்பு தெரிந்திருக்க வேண்டும். ஆனால் இவை முறிந்த பின் கட்டும் கட்டுகள். முறியாமல் இருப்பதற்கு வேலை நேரத்தில்தான் கை வைக்க வேண்டும்.

நிறுவனங்கள் நாளைக்கே செய்யக்கூடியவை சில உண்டு. நியூயார்க்கோடு பேச வேண்டிய கூட்டங்கள் எப்போதும் சிங்கப்பூரின் இரவில்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. ஒரு மாதம் இவர்கள் இரவில் உட்கார்ந்தால் அடுத்த மாதம் அவர்கள் விடியலில் உட்காரலாம். இரவு அழைப்பில் இருந்தவருக்கு மறுநாள் காலை தாமதமாகத் தொடங்கும் உரிமையை, கேட்டு வாங்க வைக்காமல், நாட்காட்டியிலேயே பதிந்துவிடலாம். வீட்டில் இடமில்லாதவருக்கு அலுவலக மேசையை உறுதிசெய்யலாம். இதற்கெல்லாம் பெரிய செலவில்லை. எழுதிவைக்க வேண்டும், மேலாளரே முதலில் கடைப்பிடிக்க வேண்டும்.

சட்டத்தின் வேலை வேறு. வேலைவாய்ப்புச் சட்டத்தை மறுபரிசீலனை செய்ய 2025-இல் முத்தரப்புப் பணிக்குழு ஒன்று அமைக்கப்பட்டிருக்கிறது. 2,600 வெள்ளி என்ற வரம்பை அது தொடுமா, மேலாளர்களையும் நிர்வாகிகளையும் நான்காம் பகுதியின் ஏதேனும் ஒரு மூலைக்குள்ளாவது கொண்டுவருமா என்பதே கலப்பு வேலைமுறையில் இருப்பவர்கள் அதனிடம் கேட்க வேண்டியது. மிகைநேர ஊதியம் எல்லோருக்கும் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வாரத்தில் இரண்டு மாலை, ஊழியரே விரும்பினாலும் முதலாளி வாங்க முடியாத இரண்டு மாலை, எல்லா ஒப்பந்தங்களிலும் இருக்கட்டும். 2023-இல் பணிப்பெண்களுக்கு மாதம் ஒரு நாளை இப்படித்தான் ஒதுக்கிவைத்தார்கள். பணிக்குழு உட்கார்ந்திருக்கும்போதே அந்த ஒரு நாளை நான்காக்குவதையும் மனிதவள அமைச்சு பேசட்டும். பகல் முழுக்க முதலாளி வீட்டிலேயே இருக்கும் குடும்பங்களில் பணிப்பெண்ணுக்கு மதியம் ஒரு மணி நேரம் தனக்கென்று இருக்க வேண்டும் என்பதையும் அதோடு எழுதிக்கொள்ளட்டும்.